சுத்தம் போதாது

ஜொய்சி ஆஸ்பத்திரி வரிசையைப் பிளந்துகொண்டு தாய் வினிபிரட்டைக் கைத்தாங்கலாக இழுத்து வந்தாள். தாயின் உதடு இரண்டும் வீங்கி, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருந்தது. வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

“நம்பர் எடுத்தனீங்களோ?” என்றார் வாசல் மேசையில் இருந்த தாதி.

“மூச்சே எடுக்கேலாமல் நிக்கிறா, மிஸ்ஸி. நம்பரை எங்கை போய் எடுக்கிறது?”

உள்ளே படுக்கவைத்து மருந்து ஏற்றினார்கள். மூச்சு சீரானது. ஜொய்சியின் கோபம்தான் ஆறவில்லை. ஊசி போடுகிற இடமெல்லாம் தடித்து அரிக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்பே வந்து காட்டியவர்கள் அவர்கள். இதே தாதிதான் அன்று ஊர் எது, வேலை எது என்று விசாரித்தார். குருநகர், நண்டு உடைக்கிற கொம்பனி என்றதும் மூக்கைச் சுளித்தார். நண்டு நாறும் கையோடு ஊசியைத் தொட்டால் வேறென்ன வரும் என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் ‘சுத்தம் போதாது’ என்று எழுதியும் விட்டார். சவர்க்காரமும் தேசிக்காய்த் தோலும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் அம்மா ஊசியைத் தொடுவாள் என்பதை எந்தக் கொப்பியில் எழுதுவது?

இளம் டொக்டர் லவீனா அவர்கள் கொண்டுவந்த இன்சுலின் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி குத்துகிற மூடி றப்பர், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது என்றார். அதுதான் காரணமென்றால் வேறு மூடியுள்ள மருந்துக்கு மாற்றிவிடலாம். இன்சுலினே ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊசியை நிறுத்தவேண்டி வரும். நிறுத்தினால், ஆறாத புண்ணோடு இருக்கும் இடது பாதத்தைக் காப்பாற்றுவது கஷ்டம்.

“றப்பர் பட்டு முந்தி ஏதும் வந்ததோ?”

“இல்லை டொக்டர்.” ஜொய்சி முந்திக்கொண்டாள். “ஆறு வருசமா றப்பர் கிளவுஸ் போட்டுத்தான் நண்டு உடைக்கிறா. ஒரு பரு வந்ததில்லை. சும்மா எங்களிலை பிழை பிடிக்காமல் உங்கடை மருந்தைப் பாருங்கோ.”

றப்பர் காரணமில்லை என்று எழுத டொக்டர் கொப்பியைத் திறந்தார். நான் அப்பவே சொன்னேன் என்பதுபோல் தாதி நிமிர்ந்து நின்றார்.

வினிபிரட் கையை நீட்டிப் பேனையைப் பிடித்தாள்.

“எழுதாதேங்கோ, டொக்டர். கையிலை பிளாஸ்டிக் சொப்பிங் பையைச் சுத்திப்போட்டுத்தான் கிளவுஸ் போடுறனான். றப்பர் பட்டு முதல் கிழமையே ரெண்டு கையும் கொப்பளிச்சுப் போச்சு. தோல் வருத்தமெண்டு கொம்பனியிலை ரெண்டு பேரை வேலையாலை நிப்பாட்டினவங்கள். அதாலை, நண்டுக் கால் கிழிச்சதெண்டு உவளுக்கும் பொய் சொன்னனான்.”