ஒத்தைப்படை பலகை எனக்கு, ரெட்டைப்படை அவளுக்கு

எல்லாருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கு? மூட்டுவலிக்காரங்க, சர்க்கரைக்காரங்கல்லாம் மாத்திரையைப் போட்டுட்டு வந்து உக்காருங்க. நான் இன்னைக்கு நல்ல கோவத்துல இருக்கேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க வீடு கடற்கரை நடைபாதைக்கு நேர் பின்னாடி. வீடுன்னா அரை வீடு. எங்க வீட்டுக்காரரும் அவர் தம்பியும் நடுவுல சுவர் வச்சுப் பிரிச்சுக்கிட்டாங்க. பிரிச்சப்ப மாடிப்படி தம்பி பக்கம் போயிடுச்சு. பாதி மாடி எங்களுக்குன்னு பத்திரத்துல இருக்கு, ஆனா ஏற வழியில்லை. அந்தப் படிக்கு கேஸ் நடந்துக்கிட்டு இருக்கு, பதினோரு வருஷமா. தம்பி பொண்டாட்டி, அதான் என் ஓரகத்தி, சின்னவ, அவளும் நானும் பதினோரு வருஷமா பேச்சு கிடையாது. ஏதாவது சொல்லணும்னா சுவரைப் பாத்துச் சொல்லுவோம். சுவருக்கு இதுக்குள்ள காது தேஞ்சிருக்கும்.

பழைய நடைபாதை செங்கல்லும் பளபளா டைல்ஸும். வருஷா வருஷம் கடல் பாதியைத் தின்னுட்டுப் போகும், நகராட்சிக்காரங்களும் வருஷா வருஷம் அதே டைல்ஸையே ஒட்டுவாங்க. இந்தத் தடவைதான் புத்தி வந்து பாறாங்கல்லு, துருப்பிடிக்காத கம்பி, அலையைத் திருப்பியடிக்கிற மாதிரி வளைஞ்ச சுவருன்னு ரெண்டு வருஷம் வேலை பாத்தாங்க. ரெண்டு வருஷமும் என் வீட்டுல சிமெண்டு சாப்பாடுதான். சுவர் இடுப்பு உசரம். ஆளுங்க போய் வர எங்க ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு வாசல் விட்டாங்க. தண்ணி வர்ற அன்னைக்கு அந்த வாசல்ல ஆறு அலுமினியப் பலகையை ஒன்னுமேல ஒன்னா ரெண்டு ஓரத்துலயும் வெட்டியிருக்கற காடிப் பள்ளத்துல இறக்கணும். பாதுகாப்பா யார் வீட்டுல வைக்கறதுன்னு இஞ்சினியர் கேட்டாரு.

"என்கிட்ட வைங்க"ன்னேன்.

"இவங்ககிட்ட குடுத்தா நாங்க முழுகினாலும் போட மாட்டாங்க"ன்னு சின்னவ சுவரைப் பாத்துச் சொன்னா.

"நீ மட்டும் போட்டுக் கிழிச்சிடுவியா"ன்னு நானும் சுவரைப் பாத்துச் சொன்னேன்.

அந்த மனுஷன் மூணு நாள் வந்து பாத்தாரு. நாலாவது நாள், "ஆளுக்கு மூணு வச்சுக்குங்க, என்னை விடுங்க"ன்னுட்டாரு. எல்லாம் ஒரே மாதிரிதான், அடியில போற ஒன்னாம் நம்பருக்கு மட்டும் ரப்பர் தடிமன். ஒன்னு, மூணு, அஞ்சு எனக்கு. ரெண்டு, நாலு, ஆறு அவளுக்கு. பங்கு சரியா வந்துச்சுன்னு ரெண்டு பேரும் சந்தோஷமா கையெழுத்துப் போட்டோம். உலகத்துல வேற யாராவது இப்படிக் கதவைப் பாதி பாதியா பிரிச்சு வாங்கியிருப்பாங்களா?

போன வாரம் மத்தியானம் சங்கு ஊதுச்சு. புயல், கடல் ஏறுதுன்னு. எங்க வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒம்பதே நாள். கட்டில் தரைத்தளத்துல, அவர் கட்டில்ல. கால் ஊனக்கூடாது, கட்டு நனையக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு. பின்தெரு எங்களைவிடப் பள்ளம், அங்க சாக்கடை ஏற்கெனவே பொங்கியாச்சு, ஆட்டோ வராது. எங்களுக்கு மாடி ஏறவும் வழியில்லை. அந்தப் பலகையை விட்டா வேற நாதி கிடையாது.

நான் என் மூணையும் இறக்கினேன். முழங்கால் உசரம்தான் வந்துச்சு. சின்னவ கதவு திறக்கலை. அவளுக்கென்ன, தையல் மெஷின் ரெண்டையும் புருஷனும் அவளுமா மாடிக்கு ஏத்திட்டாங்க. தடதடன்னு சத்தம் கேக்குது.

"பலகை வருமா, இல்லை பாடை வரட்டுமா"ன்னு சுவரைப் பாத்துக் கத்தினேன்.

"வேணுங்கறவங்க வந்து கேக்கட்டும்"னு சுவர் சொல்லுச்சு.

மூணாவது பலகைக்கு மேல முதல் அலை எட்டிப் பாத்து, வாசல்படி வரைக்கும் வந்துட்டுப் போச்சு. எங்க வீட்டுக்காரர் கட்டில்லேர்ந்து, "அவ வாசல்ல போய் நின்னே, நான் உன்னோட பேச மாட்டேன்"ங்கறாரு. நான் போய் நின்னேன்.

கதவைத் திறந்தா. பலகை மூணும் கைக்கெட்டற தூரத்துல சாத்தி வச்சிருக்கா. கையில போன்.

"படி எங்க பங்குதான்னு சொல்லுங்க. சத்தமா."

"சின்னவளே, அவர் கீழ படுத்திருக்காருடி."

"தெரியும். அதான் இன்னைக்குக் கேக்கறேன்."

போன்ல சிவப்புப் புள்ளி எரியுது. பதிவு பண்றா. என் பின்னாடி ரெண்டாவது அலை விழுந்து தண்ணி என் கணுக்காலைத் தொட்டுச்சு. "படி உங்க பங்குதான்"னேன். "பேரு, உறவுமுறை எல்லாம் சேத்துச் சொல்லுங்க"ன்னா. சொன்னேன், ரேஷன் கடையில சொல்ற மாதிரி.

அப்புறம் ஒரு முனையை அவ பிடிக்க, ஒரு முனையை நான் பிடிக்க, மழையில நின்னு மூணையும் இறக்கினோம்.

"அஞ்சுக்கு மேல ரெண்டைப் போடுறது உங்க வீட்டு வழக்கமா"ன்னு அப்பவும் ஒரு குத்து.

"வாயை மூடிக்கிட்டுத் தூக்குடி"ன்னேன். பதினோரு வருஷத்துல அவ மூஞ்சியைப் பாத்துப் பேசினது அன்னைக்குத்தான்.

பலகை நின்னுச்சு. சாயந்திரம் வரைக்கும் கடல் அடிச்ச அடிக்கு அந்த வளைஞ்ச சுவர் தண்ணியைத் திருப்பித் திருப்பிக் கடல்லயே கொட்டுச்சு. வீட்டுக்குள்ள முன்னமே வந்தது ரெண்டு பக்கெட், துடைச்சுட்டேன். கட்டில் காலு நனையலை, அவர் கட்டும் நனையலை.

அவர்தான் கொதிக்கிறாரு. "நான் நனைஞ்சிருந்தா காய வச்சிருக்கலாம். படி திரும்ப வருமா?"ன்னு கேட்டுட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான், ஆறு நாளாச்சு. தட்டு வச்சா சாப்பிடறாரு, துடைச்சுவிட்டா காலை நீட்டறாரு, பேச்சு மட்டும் கிடையாது. அந்தப் பதிவை அவ வக்கீலுக்கு அனுப்பிட்டாளாம், நம்ம வக்கீல் போன் பண்ணி என்னைத் திட்டினாரு. திட்டட்டும். தண்ணி கட்டில் மேல ஏறியிருந்தா தூக்கறதுக்கு வக்கீலா வந்திருப்பாரு?

இன்னைக்கும் அதே இடத்துல நிறுத்தினா அதேதான் சொல்லுவேன், ஆனா அவளை மன்னிக்க மாட்டேன். உங்க வீட்டுல இப்படி ஆகாதவங்க வாசல்ல போய் நின்ன கதை இருந்தா, என்ன கேட்டாங்க, நீங்க என்ன குடுத்தீங்கன்னு மறைக்காம எழுதுங்க. இந்த வீட்டுல எனக்குப் பேச இப்ப ஆளே இல்லை, ஒவ்வொன்னையும் உக்காந்து படிப்பேன்.