பாடை தூக்கும் அடி

சுரங்கத்தின் அடியில் எட்டு வேட்டுத் திரிக்கும் நெருப்பு வைத்துவிட்டு, நானும் தசரதனும் இரும்புத் தொட்டிக்குள் ஏறி நின்றோம். மேலே ஷாஃப்ட் வாயில் தொங்கும் மணியின் கயிற்றை மூன்று தரம் இழுத்தேன். எங்கள் ஷாஃப்டில் மூன்று மணி என்றால் 'ஆள் ஏறியாச்சு, தூக்கு'.

தொட்டி அசையவில்லை.

மறுபடி மூன்று. ஊஹூம். தலைக்கு மேலே முந்நூறடி இருட்டு, காலுக்குக் கீழே திரிகள் சீறுகின்றன. ஐந்து நிமிஷத் திரி. அதில் ஒரு நிமிஷம் போய்விட்டது.

"இன்னாண்ணே, இஞ்சின்காரன் தூங்கிட்டானா?" என்றான் தசரதன்.

"இன்னிக்கு இஞ்சின்ல ஏனோக்குன்னு ஒரு புது ஆளுடா. நேத்து வரைக்கும் வேற கம்பெனியில இருந்தவன்."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. தங்கவயலில் கம்பெனிக்குக் கம்பெனி மணியடிக்கும் கணக்கு வேறு. அவனுடைய பழைய இடத்தில் மூன்று என்றால் 'ஆள் இருக்கிறது, அசைக்காதே' என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் இழுக்க இழுக்க அவன் பிரேக்கை இறுக்கியிருப்பான், பாவி! அங்கே தூக்குவதற்கு எத்தனை மணியோ, யார் கண்டது? காலையிலேயே ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா நான்!

"திரியப் புடுங்கிடலாம்ணே."

"எட்டையுமா? உனக்கு இன்னா பைத்தியமா?"

அவன் கெங்கையம்மாவைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தான். எனக்கும் அழுகைதான் வந்தது. அப்போதுதான் ஏனோக்கும் எங்கள் வடாற்காட்டு ஆள் என்பது புத்தியில் தட்டியது. வேதத்துக்குப் போய்க் கிறிஸ்தவன் ஆனால் என்ன, காது அதே காதுதானே? பாடையைத் தோளுக்கு ஏற்றும்போது பறையில் ஓர் அடி உண்டு. அது விழுந்தால் எங்கள் ஊர்ப்பக்கத்தில் பாடையருகே குனிந்து நிற்கிற நாலு பேரும் யாரும் சொல்லாமலே தூக்கிவிடுவார்கள்.

உயிரோடு இருக்கிறவனுக்கு அதை அடிக்கவே கூடாது. மணிக்கயிற்றில் அதையே அடித்தேன்.

"ஐயோ, நமக்கேவாண்ணே!" என்று தசரதன் அலறினான். தொட்டி எகிறியது.

பாதி வழியில் கீழே வேட்டு வெடித்து எங்களை உதறியது. மேலே வந்து விழுந்தோம். ஏனோக் முகம் வெளுத்து ஓடிவந்தான். "யாருப்பா செத்தது?"

"யாரும் இல்லப்பா," என்றேன். சிரிக்கக்கூடப் பார்த்தேன்.

அப்புறம்தான் ஒப்பாரி காதில் விழுந்தது. ஷாஃப்ட் வாயில் கல் பொறுக்கும் பெண்கள், நடுவில் என் பெண்சாதி கிருஷ்ணம்மா. அவளுக்கும் அந்த அடி தெரியும். செத்தது எவன் என்று கேட்க அவள் நிற்கவில்லை. கையைக் கல்லில் அறைந்து வளையல்களை நொறுக்கியிருந்தாள்.

நான் ஓடினேன். அவள் ரத்தம் வழியும் வெறுங்கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதய்யா," என்றாள். "நான் ஒடைச்சிட்டேன்யா."

கீழே திரிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூட எனக்கு அப்படிப் பயம் வரவில்லை.