ஐந்தாவது ஆள்

தையல்காரியும் எதிர்வீட்டு இஸ்திரிக்காரியும் நகமும் சதையும் போல. இவள் தைத்த துணிகளை அவள்தான் தேய்த்துத் தருவாள். இவள் மகள் காமாலையில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் கண்விழித்ததும் அவள்தான். "உன் அழுமூஞ்சியப் பாத்தா நர்சே பயப்படுது, நீ வீட்டுக்குப் போக்கா" என்று இவளை விரட்டிவிட்டாள்.

தெருவுக்கு மகளிர் கடன் வந்தபோது ஓடியாடி ஆள் சேர்த்தவளும் அவளே. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தையல்காரியைத் தலைவியாக்கினார்கள்.

முதல் கூட்டம் தையல்காரி வீட்டு முன்னறையில் நடந்தது. கடன் ஆபீசர் ஒவ்வொருத்தியாக எழுப்பி, "இவங்க கட்டலைன்னா நீங்க கட்டுவீங்களா?" என்று மற்றவர்களைக் கேட்டார். எல்லாருக்கும் தலையாட்டியவர்கள், இஸ்திரிக்காரி எழுந்ததும் தலைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருஷன் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாய்க் கிடந்தது ஊரறிந்த சங்கதி.

"தலைவி சொல்லுங்க," என்றார் ஆபீசர்.

'கட்டுவேன்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே மகளின் காலேஜ் ஃபீஸும் நினைவுக்கு வந்தது. "இந்தத் தடவை வேணாம் சார். அவ வீட்டு நிலைமை சரியாகட்டும்."

"அதுவும் சரிதான். எனக்கெதுக்கு இந்தத் தலைவலி," என்று சிரித்தபடியே இஸ்திரிக்காரி வெளியேறினாள். போகிற பதற்றத்தில் வேறு யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போனாள்.

அவள் இடத்துக்கு, மாதச் சம்பளக்காரனின் மனைவியான மூலைவீட்டுக்காரி வந்தாள். தையல்காரி மோட்டார் மிஷின் வாங்கினாள், தொழில் சூடுபிடித்தது. இஸ்திரிக்காரியோ கந்துவட்டிக்கு வாங்கி, இஸ்திரி போடும் தள்ளுவண்டியையும் பறிகொடுத்து, ஒரு விடுதியில் துணி துவைக்கும் கூலிவேலைக்குப் போனாள். தெருவில் பார்த்தால் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் 'என்னக்கா' போய், 'நல்லா இருக்கீங்களா' வந்துவிட்டது. அந்த 'ங்க' தையல்காரிக்கு முள்ளாய்க் குத்தியது.

நம்பிச் சேர்த்த மூலைவீட்டுக்காரி பாதித் தவணையிலேயே குடும்பத்தோடு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். மற்ற நாலு பேரும் அவளை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அவள் பங்கையும் கட்டினார்கள். ஒருத்திக்காகக் கட்டினால் குடிமுழுகிப் போகும் என்றல்லவா பயந்தார்கள்? யார் குடியும் முழுகவில்லை. முன்பின் பழகாத ஒருத்திக்குக் கட்ட முடிந்தது, இஸ்திரிக்காரிக்கென்று ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லையே என்று தையல்காரியின் நெஞ்சை அறுத்தது.

மறுநாளே எதிர்வீட்டுப் படியேறினாள். புருஷனைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள் இஸ்திரிக்காரி.

"குழுவுல இடம் காலியா இருக்கு. உனக்கு நான் பொறுப்பு. வந்துடுடி."

"வேணாங்க. கட்டிடலாம்னு அன்னைக்கு எனக்கு ஒரு தெம்பு இருந்துச்சு. இப்ப அது இல்ல."

"என்மேல கோவமா?"

"இருந்துச்சு. இப்ப அதுக்கெல்லாம் நேரம் ஏது? நிக்கிறீங்களே, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

விருந்தாளியைக் கேட்பது போலத்தான் கேட்டாள். தையல்காரி மறுக்காமல் வாங்கிக் குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள். கடைசித் தவணையைக் கட்டிய கையோடு தையல்காரி குழுவிலிருந்து விலகிக்கொண்டாள்.