இரண்டாம் மாடி நாட்டுக்கு ஒரு கரண்டி உறைமோர்

"இடது கையாலயாவது குடுங்கக்கா, நான் வாங்கிக்கிடுதேன்..."

"இடது கையால உறைமோர் குடுக்கவா? என்னைப் பத்தி என்ன நினைச்சிட்ட..."

"பால் ஆறிக்கிட்டு இருக்குக்கா..."

"ஆறட்டும்ட்டி! உனக்காகத்தான வலது கையைத் தூக்கிக்கிட்டு நிக்கேன்!"

எதிர்வீட்டு ஞானசுந்தரியின் வலக்கை நிலைப்படியின் உச்சியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் வெறுங்கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

இரண்டாம் மாடியின் வலப்பக்க வீடு ஒரு நாடு. ஆவுடையம்மாள் ஒருத்திதான் அதன் மக்கள். அதற்கு மேல்மாடி மாசிலாமணி வீட்டார் தடை விதித்து வெகுகாலமாகிறது. யாரும் அந்த நாட்டோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. தடை அநியாயம் என்பதில் குடியிருப்பில் இரண்டு பேச்சு இல்லை. ஐப்பசி தோறும் எல்லா வீட்டாரும் கூடி, தடையை எடு என்று கை தூக்குவார்கள். மாசிலாமணியும் அவருடைய வாடகைக்காரரும் மட்டும் தூக்க மாட்டார்கள். போன ஐப்பசியில் தூக்கிய கையை ஒருவரும் இறக்கவில்லை. இறக்கினால் ஆதரவு குறைந்துவிடும்.

"தடைக்கெல்லாம் நான் பயந்தவ இல்ல. கை ஒழியல, அவ்வளவுதான்" என்றாள் ஞானசுந்தரி.

"அப்போ எப்படிக்கா சாப்பிடுதீங்க?"

"மருமக ஊட்டுதா. அவ கூட்டத்துல கை தூக்காம வெளிநடப்பு செஞ்சவ."

"அவளைக் குடுக்கச் சொல்லுங்களேன்."

"அவ உன் பக்கம் இல்லியேட்டி. ஆதரிக்காதவ கையால வாங்கித் திம்பியா? மானம் வேண்டாமா?"

இருந்த கடைசித் தயிர் முழுவதையும் ஆவுடையம்மாள் நேற்றே சோற்றில் ஊற்றிக்கொண்டுவிட்டாள். உறைக்குக் கொஞ்சம் மிச்சம் வை என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. விளக்கு வைத்த பிறகு யாரும் மோர் கொடுக்க மாட்டார்கள். அவள் மேல்மாடிக்கு ஏறினாள்.

ஏற ஏறப் படிக்கட்டு வளர்ந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் சன்னல் வழியே கைகள் நீண்டிருந்தன. "உங்களுக்காகத்தாம்மா" என்றது ஒரு சன்னல். "ரொம்ப சந்தோசம்" என்றாள். எல்லாச் சன்னலுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. மூச்சு வாங்கியது.

மாசிலாமணி இரண்டு கையாலும் கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"உறைமோரா? தாராளமா இருக்கு. ஆனா தடை போட்டது நாங்கல்லா."

"எதுக்குப் போட்டீங்க அண்ணாச்சி?"

"அது அப்பாவுக்குத்தான் தெரியும்."

சுவரில் மாலை போட்ட படத்துக்குள் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுத்துட்டாத்தான் என்ன?"

"எடுத்துட்டா அத்தனை பேரும் கையை இறக்கிருவாங்க. பெறவு உங்களை யாரு நினைப்பா?" கொஞ்சம் கடலையை நீட்டப் போனவர், நினைவு வந்து தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் சொன்னது ஆவுடையம்மாளுக்கு நியாயமாகப் பட்டது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

இறங்கும்போது படிக்கட்டு இன்னும் நீளமாயிருந்தது. இரண்டாம் மாடிக்கு வந்தபோது எல்லா வீட்டிலும் விளக்கு வைத்துவிட்டார்கள். பால் ஆறிப்போயிருந்தது.

"கிடைச்சுதாட்டி?"

"இல்லக்கா."

"அநியாயம்!" ஞானசுந்தரி குதிகாலைத் தூக்கி எக்கினாள். கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. "நீ கவலைப்படாத. அடுத்த ஐப்பசியில ரெண்டு கையையும் தூக்குதேன்."

ஆவுடையம்மாள் உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைத்தாள். பாலை இரண்டு தம்ளரில் ஊற்றினாள். நாற்காலி ஒன்றை இழுத்து வாசலைப் பார்க்கப் போட்டாள். இரண்டு வாசலுக்கும் நடுவே இருந்த நடை நீண்டுகொண்டே போனது. அதன் கடைசியில் ஞானசுந்தரி விரல் அளவுக்குத் தெரிந்தாள்.

"கையை இறக்க வேண்டாம்க்கா. அப்படியே உள்ள வந்து, செத்த நேரம் சும்மா உக்காந்திருங்களேன்."