நீக்கப்பட்ட மூன்றாம் பிரிவு

1983ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 14ஆம் நாள், ஆரணியைச் சேர்ந்த சூசைமேரி என்னும் அறுபத்திரண்டு வயதுக் கைம்பெண்ணின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் தள்ளுபடி செய்யப்பட்டது. அவளுக்கு வயதுவந்த மகன் ஒருவன் இருக்கிறான் என்பதே காரணம். அந்த மகன் எங்கே இருக்கிறான் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளால் சொல்லியிருக்க முடியாது.

அந்தக் காகிதத்தோடு அவள் நேராகப் போன இடம் சக்கரவர்த்தி நயினாரின் தட்டச்சு மேசை. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து விலகிய சக்கரவர்த்தி, அத்தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதங்களைக் கவனித்துவந்தார். உறுப்பினர் அவையில் கேட்கும் கேள்விகள் பலவற்றின் முதல் வரைவு இவருடைய இயந்திரத்தில்தான் பிறந்தது. அதில் அவருக்குச் சிறிது செருக்கும் உண்டு.

"நயினாரே, பையன் இருக்கான்னு எழுதிட்டாங்களாம். இருக்கான்னு அவங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லச் சொல்லுங்க" என்றாள் சூசைமேரி.

அவள் கேலியாகச் சொன்னாளா, கேட்டே விட்டாளா என்று சக்கரவர்த்திக்கு விளங்கவில்லை.

அவள் பாவு பிணைப்பவள். தறியில் நெடுக்காக ஓடும் பழைய பாவு முடியும்போது, அதன் ஒவ்வோர் இழை நுனியோடும் புதிய பாவின் இழை நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி ஒட்டவைக்கும் வேலை அது. ஒரு பட்டுப் பாவுக்கு நாலாயிரம் இழைகளுக்கு மேல் வரும். நாற்பது ஆண்டுகள் அதைச் செய்தாள். இப்போது கண்ணில் புரை விழுந்துவிட்டது. இழை எது, இழையின் நிழல் எது என்று தெரியவில்லை. பிணைத்த பாவில் நூறு இழை அறுந்து தொங்கினால் எந்தத் தறிக்காரன் மறுபடியும் அழைப்பான்?

மகன் சத்தியராஜ் 1978இல் குவைத்துக்குப் போனவன், அங்கிருந்து லெபனான் நாட்டுப் பெய்ரூட்டுக்குப் போய் ஒரு ரொட்டிக் கடையில் சேர்ந்தான். கடைசிக் கடிதம் 1982 மே மாதம் வந்தது. அதில் ஓரிடத்தை அவள் மனப்பாடமாகச் சொல்வாள்: "எங்க முதலாளி பாலஸ்தீனத்துக்காரர். சொந்த ஊரை விட்டு வந்து முப்பத்துநாலு வருஷம் ஆச்சாம். இன்னும் ஊர்ப் பேச்சுதான் பேசிகினு இருக்கார்." அடுத்த மாதம் இஸ்ரேல் படையெடுக்க, அந்நகரின்மீது போர் வந்தது. அதன்பின் கடிதம் இல்லை. தூதரகத்துக்கு எழுதியதற்கு, விசாரிக்கிறோம் என்று ஒரு வரி வந்தது.

"செத்துட்டான்னு எழுதிக் குடுத்தா நாளைக்கே சாங்ஷன் பண்றேன்னாரு அந்த அருணாச்சலம்" என்றாள். அருணாச்சலம் அவ்வலுவலகத்து எழுத்தர். "முப்பத்துநாலு வருஷம் கழிச்சும் அந்த முதலாளி உசுரோட ரொட்டி சுட்டுகினு இருக்காரு. என் பையன் காயிதம் போட்டு ஒரு வருஷம்கூட ஆவல. அதுக்குள்ள அவன நான் எப்படி சாவடிப்பேன்?"

சக்கரவர்த்தி அவள் காகிதத்தை வாங்கி மேசைமேல் வைத்தார். அன்று காலைதான் உறுப்பினரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது: பாலஸ்தீன மக்களின் உரிமைகள் குறித்து வாய்மொழி விடைக்கு ஒரு கேள்வி தயாரித்து அனுப்புக. ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினருக்கு அத்தகைய கேள்வி ஒன்றுதான். அமைச்சர் எழுந்து நின்று விடை சொல்வார், வானொலி சொல்லும், செய்தித்தாள் எழுதும். மற்ற கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் விடை வந்து கட்டுக்குள் கிடக்கும். இந்த மூதாட்டியின் வழக்கு கட்டுக்குள் கிடக்கக் கூடாது என்று அவர் எண்ணினார்.

ஆகவே பிணைத்தார். முதற்பிரிவு, பாலஸ்தீன மக்கள் தம் இல்லங்களுக்குத் திரும்பும் உரிமையை அரசு ஆதரிக்கிறதா? இரண்டாம் பிரிவு, ஆதரிக்குமாயின் அதற்கு எடுத்த நடவடிக்கை யாது? மூன்றாம் பிரிவு, பெய்ரூட் போரில் தொடர்பற்றுப்போன இந்தியத் தொழிலாளரின் தாய்மாருக்கு, மகன் இறந்ததாகச் சான்று கேளாமல் முதியோர் உதவித்தொகை வழங்கப்படுமா?

எல்லாம் பெய்ரூட் பற்றியவைதாமே என்று தமக்குத்தாமே நியாயம் சொல்லிக்கொண்டார். பட்டு இழையோடு பருத்தி இழையைப் பிணைத்தால் முதல் இழுப்பிலேயே கழன்றுவிடும் என்பது அந்த ஊரில் பிறந்த அவருக்குத் தெரியாததன்று. தெரிந்தும் செய்தார்.

"உங்க பையன் விசயம் பார்லிமெண்டுல வரப்போவுதும்மா" என்று அவளிடமும் சொல்லிவிட்டார்.

அவையில் வரும் கேள்விகளின் அச்சிட்ட பட்டியல் தபாலில் வந்தபோது மூன்றாம் பிரிவு அதில் இல்லை. வெளியுறவு அமைச்சரிடம் உதவித்தொகையைக் கேட்க இயலாது என்று நீக்கியிருந்தார்கள். சக்கரவர்த்தி பட்டியலை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார். அதைப் பிரித்து வேறொரு கேள்வியாக அனுப்பிப் பார்த்தார். முதியோர் உதவி மாநில அரசின் பொருள் என்று அது திரும்பியது. இவ்விரண்டையும் அவர் சூசைமேரியிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாட்களைத் தள்ளினார்.

அவையில் கேள்வி வந்த நாளுக்கு மறுநாள் காலை, அம்மணியின் தேநீர்க் கடையில் வானொலிக்கு எதிரே சூசைமேரி அமர்ந்திருந்தாள். கழுத்தில் ஜெபமாலை, வெளுத்த புடவை. சக்கரவர்த்தி தொலைவிலிருந்தே அவளைக் கண்டு திரும்பிவிடப் பார்த்தார். அம்மணி விடவில்லை.

"வாங்க நயினாரே. இந்த ஊர்ல எல்லாரும் பாவு பிணைச்சாங்க, நீங்க டெல்லிக்கே பிணைச்சிட்டீங்களாமே" என்றாள்.

பாலஸ்தீன மக்கள் தம் இல்லங்களுக்குத் திரும்பும் உரிமையை இந்தியா உறுதியாக ஆதரிக்கிறது என்று அமைச்சர் அவையில் தெரிவித்ததாக வானொலி கூறியது. அடுத்துச் சர்க்கரை விலை; அடுத்து வானிலை. சூசைமேரி செய்தி முடியும்வரை அசையவில்லை.

"நம்ம பேச்சு சாயங்காலச் செய்தியில வருமா?"

"வராதும்மா" என்றார் சக்கரவர்த்தி. "அத வெட்டிட்டாங்க. எனக்கு முன்னாடியே தெரியும்."

அவள் அவரைத் திட்டியிருந்தால் அவர் அன்றிரவு உறங்கியிருப்பார். அவள் டம்ளரைக் கழுவி அம்மணியிடம் கொடுத்தாள். "அந்த ஜனங்க ஊருக்குப் போவட்டும். நல்ல பேச்சுதான் அது. அந்த முதலாளி ஊர் திரும்பினா, என் பையன எங்க விட்டாருன்னு அவர்கிட்டயாவது கேக்கலாம்" என்று சொல்லி எழுந்து போனாள்.

உறுப்பினர் ஊருக்கு வந்தபோது பேருந்து நிலையத்தருகே மாலை போட்டார்கள். பாலஸ்தீனத்தின் குரல் என்று பதாகையில் எழுதியிருந்தது. சக்கரவர்த்தி கூட்டத்தின் விளிம்பில் சூசைமேரியின் நிலையை எடுத்துச் சொன்னார். உறுப்பினர் கெட்டவர் அல்லர். பொறுமையாகக் கேட்டார். "பாவம்தான் நயினாரே. ஒரு மனு எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்த மனு, தள்ளுபடி செய்த அதே அலுவலகத்துக்கு, தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது. அங்கே அருணாச்சலம் அதைப் பழைய காகிதத்தோடு சேர்த்துக் குத்திவைத்தார்.

ஆவணி போனது, புரட்டாசி போனது. தெருவில் இரண்டு வீட்டார் முறை வைத்துச் சோறு கொடுத்தார்கள். பிறகு ஒரு வீட்டார் வேலூருக்குக் குடிபெயர்ந்தனர். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் அவள் சக்கரவர்த்தியின் மேசைக்கு வந்து, அமராமலே சொன்னாள்.

"எழுதுங்க நயினாரே."

"சூசைமேரிம்மா, இன்னும் கொஞ்ச நாள்..."

"பசி தாங்கல. எழுதுங்க."

என் மகன் சத்தியராஜ் 1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெய்ரூட் நகரில் இறந்துபோனான் என்று உறுதி கூறுகிறேன். அவர் தட்டச்சு செய்தார். அந்த வாக்கியத்தில் எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, உண்மை மட்டும் இல்லை. படித்துக் காட்டினார். அவள் தலையசைத்தாள்.

அலுவலகத்தில் அருணாச்சலம் மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் இடக்கைக் கட்டைவிரலை வைத்து எடுத்தாள். காகிதத்தில் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது; அதில் ரேகை இல்லை. நாற்பது ஆண்டுகள் சாம்பல் தொட்டு இழை முறுக்கியதில் ரேகை தேய்ந்துபோயிருந்தது.

"செல்லாதும்மா. இன்னொரு தபா வை" என்றார் அருணாச்சலம்.

புதிய தாள். மறுபடியும் வைத்தாள். மறுபடியும் வெறும் வட்டம். "அழுத்தி வைம்மா, பேஜாரா போச்சு" என்று அவரே எழுந்து வந்து, அவள் விரலைப் பற்றி உருட்டினார். மூன்றாம் தாளில் ஓரத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. போதும் என்றார். ஒரு தாய் தன் மகனை மூன்று முறை சாகடித்த பிறகு விண்ணப்பம் ஏற்கப்பட்டது.

நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாள். சமண சமயத்தவரான சக்கரவர்த்தி அதுவரை ஊரின் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைத்தவர் அல்லர். அன்று மாலை போனார். கல்லறைகளில் வெள்ளையடித்துப் பூத்தூவி மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். சுற்றுச்சுவரோரம், கல்லறையே இல்லாத வெறும் மண்ணில் ஒரு மெழுகுவர்த்தியை நட்டு, அதன் முன்னால் சூசைமேரி அமர்ந்திருந்தாள்.

"ஏத்தலன்னா யாராச்சும் ஆபீசுல சொல்லிடுவாங்க, நயினாரே. செத்துட்டான்னு பணம் வாங்கறா, மெழுகுவத்தி ஏத்தலயேன்னு" என்றாள் அவரைப் பார்க்காமலே.

காற்று வீசிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த பெண்களெல்லாம் தத்தம் சுடரைச் சுற்றிக் கை குவித்துக் காத்தார்கள். அவள் மட்டும் இரு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். அணைந்துவிட வேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள் என்பது அவருக்கு மெல்லப் புரிந்தது. அந்தச் சுடர் நெளிந்தது, குனிந்தது, நிமிர்ந்தது. சுவரின் மறைவில் அடிவரை எரிந்து முடிந்தது.

மகன் செத்தான் என்று எழுதிக் கொடுத்தால்தான் உதவித்தொகை என்னும் அந்த நிபந்தனை இன்றும் அப்படியே இருக்கிறது. தொலைதூர மக்கள் வீடு திரும்பும் உரிமையை நாம் கேட்டது சரி; இனியும் கேட்போம். ஆனால் இதைப் படிக்கும் நீங்கள், உங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கும் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் ஆளுக்கோர் அஞ்சலட்டை எழுதுங்கள். உயிரோடிருக்கக்கூடிய பிள்ளையின் சாவைத் தாயிடம் கைநாட்டாகக் கேட்கும் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அடிக்கும்வரை எழுதுவதை நிறுத்தாதீர்கள்.