சிக்னலில் நின்று போகும் புகை

லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக் கமாடோ அடுப்பின் மூடியிலுள்ள விரிசலிலிருந்து வெளிப்படும் புகை, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிற்பகல் இரண்டரை மணிக்குப் புறப்பட்டு, மூன்று தெருக்களைக் கடந்து, சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் நின்று, பச்சை விழுந்த பிறகு நகர்ந்து, மூன்று மணி பத்து நிமிடத்துக்குக் கண்ணாடிக் கடைக்காரரின் வீட்டுச் சன்னலை அடையும். காற்று எத்திசையில் வீசினாலும் இதில் மாற்றமில்லை. அடுப்பின் உச்சித் துளை வழியே வரும் புகை, மற்ற எல்லாப் புகையையும் போல மேலே சென்று கலைந்துவிடும். விரிசல் வழியே வருவது மட்டும் ஒரு முழ அகலத்தில், ஆள் உயரத்தில், கலையாமல் செல்லும். வழியில் காயும் துணிகளில் அது வாடை ஏற்றியதில்லை என்பதையும், எவர்மீதும் இடித்ததில்லை என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிடுவது முறையாகும்.

கமாடோ என்பது முட்டை வடிவிலான பீங்கான் அடுப்பு. இரண்டு விரல் தடிமனான சுவர், அடியில் கரி, கீழே காற்று நுழைய ஒரு சிறு கதவு, மேலே காற்று வெளியேற ஒரு துளை. இரண்டையும் எவ்வளவு திறக்கிறோமோ அவ்வளவு சூடு. இரண்டையும் அடைத்துவிட்டால் தீ தானாக அணைந்து, மிஞ்சிய கரி அடுத்த வாரத்துக்கு உதவும். சூட்டைச் சிறிது சிறிதாகத்தான் ஏற்ற வேண்டும். எல்லை மீறிவிட்டால் அந்தப் பீங்கான் இலேசில் இறங்கி வராது. மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். பள்ளி நூலகரான தம் மனைவியின் நாற்பதாவது பிறந்தநாளுக்கு மெக்கானிக் இதை வாங்கினார். மனைவிக்குப் பிடித்ததையே வாங்கியதாக அவர் இன்றும் சொல்லிவருகிறார்.

கண்ணாடிக் கடைக்காரர் நூலகரின் அண்ணன். பெற்றோர் இறந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது. அவளைப் படிக்கவைத்து, திருமணமும் செய்துவைத்து முடித்தபோது அவருக்குத் தலை பாதி நரைத்திருந்தது. அவருக்கென்று ஒரு திருமணத்தைப் பற்றி எவரும் கேட்கவில்லை, அவரும் நினைவூட்டவில்லை. வாரத்தில் இருபது வேளை தாமே சமைத்துச் சாப்பிட்டவர், இருபத்தோராவது வேளைக்கு, அதாவது ஞாயிறு மதியத்துக்கு, தங்கை வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே அடுப்பு வந்திறங்கிய ஞாயிறன்று அதைத் தூக்க அவரும் இருந்தார்.

"மாப்ள, பின்னாடி மூடிக் கீலை நான் புடிச்சுக்கிறேன். நீங்க அந்தப் பக்கப் பலகையைப் புடிங்க."

"பத்து மாடி லிஃப்டையே தொங்கவிடுறவன் நான். இது ஒரு முட்டை, மச்சான்."

கைக்குக் கிடைத்த எதையும் படிக்காமல் விடாத நூலகர், வெயில் அதிகமாக இருந்ததால், அன்று மட்டும் அடுப்பின் கையேட்டை விசிறியாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தார். படியருகே அடுப்பு சாய்ந்தது. மூடி கழன்று விழுந்து, ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் விட்டது.

"விட்டது நீங்கதான்."

"நானா? இன்னமும் புடிச்சிட்டுத்தான் நிக்கிறேன், பாருங்க!" என்று மெக்கானிக் கைகளை உயர்த்திக் காட்டினார். கைகளில் பலகை மட்டும் இருந்தது. கண்ணாடிக் கடைக்காரரின் கையில் கீலின் திருகாணி இருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்பவருக்குத் தம் கை எங்கே என்று தெரியவில்லையே என்று மெக்கானிக் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"மூடியை விட்டது நான் இல்லைன்னு உன் வீட்டுக்காரர் வாயால சொல்லட்டும், பாப்பா. அன்னைக்குத்தான் இந்த வாசல்ல கால் வைப்பேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார். அன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் அவர் வரவில்லை. நூலகர் அவர் வீட்டுக்குப் போவார், தேநீர் குடிப்பார், சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுப்பார். எனினும் தம் வீட்டு மேசையில் நான்காவது தட்டை வைப்பதும், பிறகு எடுத்துவிடுவதுமாகவே அவருடைய ஞாயிறுகள் கழிந்தன. மகள் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்பதை இரண்டாம் ஆண்டிலேயே நிறுத்திக்கொண்டாள்.

புகை முதல் வாரத்திலேயே புறப்பட்டது. கண்ணாடிக் கடைக்காரர் சன்னல்களைச் சாத்தினார். அது வெளியே காத்திருந்து, அவர் செருப்பை எடுக்கக் கதவைத் திறந்தபோது உள்ளே வந்தது. நகராட்சிக்கு எழுதினார், சுகாதார ஆய்வாளர் வந்து, புகையோடு கூடவே மூன்று தெரு நடந்து, சிக்னலில் அதன் பக்கத்தில் நின்று, அது எந்த விதியையும் மீறவில்லை என்று குறிப்பெழுதிவிட்டுப் போனார். மெக்கானிக் விரிசலுக்கு உலைச்சாந்து பூசினார். ஒவ்வொரு முறையும் சாந்து உதிர்ந்தது. ஓராண்டுக்குப் பின் இருவரும் முயற்சியைக் கைவிட்டனர்.

அதன் பிறகு ஞாயிறுதோறும் மூன்றே கால் மணிக்கு நூலகரின் தொலைபேசி ஒலிக்கும்.

"பாப்பா, கோழி காயுது. மேல் துளையை அரை விரல் மூடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாதே."

"ஏங்க, மேல் துளையை அரை விரல் மூடுங்களேன்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தோணுச்சு."

"உனக்குத் தோணுறதெல்லாம் மூணு தெரு தள்ளித்தான் தோணுது" என்று முணுமுணுத்தபடியே மெக்கானிக் மூடுவார். கோழி நன்றாக வரும். ஆட்டுத் தொடையை எத்தனை மணிக்கு எடுப்பது, எந்தக் கரியில் ஈரம் இருக்கிறது, மீனுக்கு உப்பு போதுமா என்பதெல்லாம் இவ்வாறே முடிவாயின. சன்னலோரம் ஒரு தட்டில் வெறும் ரொட்டியை வைத்துக்கொண்டு, புகையில் அமர்ந்தே கண்ணாடிக் கடைக்காரர் சாப்பிட்டார் என்பதை நூலகர் ஒருநாள் நேரில் கண்டார். அதைக் கணவரிடம் சொல்லவில்லை.

ஏழாம் ஆண்டில், கடையில் எப்போதோ சொல்லிவைத்திருந்த புதிய மூடி வந்துசேர்ந்தது. சண்டைக்குக் காரணமான விரிசல் கண்ணில் படாவிட்டால் சண்டையும் மறைந்துவிடும் என்று நம்பி, அதை மாட்டச் சொன்னவர் நூலகரே. மாட்டிய முதல் ஞாயிறன்று இரண்டரை மணிக்குப் புகை முழுவதும் உச்சித் துளை வழியே நேராக மேலே போய்க் கலைந்தது. மூன்றே காலுக்குத் தொலைபேசி ஒலிக்கவில்லை. அண்ணனுக்கும் இந்த வீட்டுக்கும் இடையே மிச்சமிருந்த ஒரே வழியைத் தாமே அடைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூப்பிட்டுப் பார்த்தார்; எடுக்கவில்லை.

மூன்றே முக்கால் மணிக்கு வாசற்கதவு தள்ளித் திறக்கப்பட்டது. வீட்டுச் செருப்போடு, பொத்தான் மாற்றிப் போட்ட சட்டையோடு, மூச்சிரைக்க அண்ணன் பின்முற்றம்வரை வந்துவிட்டார்.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லண்ணா."

"அப்புறம் ஏன் புகை வரல?"

"புது மூடி, மச்சான்" என்றார் மெக்கானிக். ஏழு ஆண்டுகளில் அவர் மச்சானிடம் பேசிய முதல் மூன்று சொற்கள் அவை.

"புது மூடி வேணும்னு உங்கள யார் கேட்டா?"

கேட்ட பிறகுதான் அவர் குனிந்து தம் கால்களைப் பார்த்தார். இரண்டும் வாசலைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தன. மெக்கானிக் அந்தக் கால்களைப் பார்க்காமல் அடுப்பு மூடியின் வெப்பமானியையே கவனித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் காட்டிய பக்குவங்களில் அதுவே சிறந்தது.

"பழசையே மாட்டுங்க."

"சூடா இருக்கு. ஆறணும்."

"எவ்வளவு நேரம்?"

"நாலு மணி நேரமாவது ஆகும்."

கோழியை எடுத்துவிட்டு கீழ்க் கதவையும் மேல் துளையையும் அடைத்தார்கள். வேறு வேலை இல்லாததால் சாப்பிட்டார்கள். நான்காவது தட்டு ஏற்கெனவே மேசையில் இருந்தது. கோழி சற்றுக் காய்ந்திருப்பதாக அண்ணன் சொன்னார். சொல்ல வேண்டியவர் நேரத்துக்குச் சொல்லவில்லை என்று மெக்கானிக் பதிலளித்தார். அடுப்பு ஆறும்வரை பொழுதுபோகாமல் நூலகர் கையேட்டைத் தேடியெடுத்து, முதன்முறையாகப் படித்தார். மூன்றாம் பக்கத்தை உரக்க வாசித்தார்: தூக்கும்போது கீலையோ பக்கப் பலகையையோ எக்காரணம் கொண்டும் பிடிக்கக் கூடாது.

மெக்கானிக் கையேட்டை வாங்கி, அந்த வரியைத் தாமும் ஒருமுறை படித்தார்.

"அப்ப, மூடியை விட்டது நீங்க இல்ல, மச்சான்" என்றார் மெக்கானிக். "நீங்க மட்டும் இல்ல."

"நீங்க கொஞ்சம் அதிகம், மாப்ள."

"சரி, கொஞ்சம்."

அடுப்பு ஆறியதும் இருவரும் புதிய மூடியைக் கழற்றி, பழையதை இருபுறமும் அடியில் கைகொடுத்துத் தூக்கி மாட்டினார்கள். நூலகர் பக்கத்தில் நின்று கையேட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். புதியது மல்லாந்தபடி முற்றத்தில் கிடக்கிறது. அதில் புதினா வளர்கிறது.

இப்போது கண்ணாடிக் கடைக்காரர் ஞாயிறுதோறும் ஒரு மணிக்கே வந்துவிடுகிறார். புகை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டரைக்குப் புறப்பட்டு, சிக்னலில் நின்று, மூன்று பத்துக்குப் பூட்டிய வீட்டை அடைந்து, சன்னலருகே பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்பி, நான்கு மணிக்கு முற்றத்துக்குள் நுழைகிறது. சிவப்பு விளக்கு விழுந்துவிட்டால் நான்கு மணி ஐந்து நிமிடம் ஆகும். அது வந்த பிறகே பரிமாறுகிறார்கள்.