சகாயமேரியின் காதில் கேட்ட சத்தம்

சகாயமேரிக்கு அந்தச் சத்தம் தவக்காலத்தில் ஆரம்பித்தது. வலது காதுக்குள் புஸ்... புஸ்... என்று, யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி. மாடிப்படி ஏறினால் வேகமாக அடிக்கும். உட்கார்ந்தால் நிதானத்துக்கு வரும். ஒருநாள் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டே காதைக் கவனித்தாள். இரண்டும் ஒரே தாளத்தில் போயின. காதுக்குப் பின்னால் ஓரிடத்தை விரலால் அழுத்தினால் சத்தம் பாதியாய்க் குறைந்தது. விரலை எடுத்ததும் பழையபடி புஸ், புஸ்.

மண்ணூர்பேட்டையில் ஏற்றுமதித் துணி கம்பெனியில் அவளுக்கு வேலை. தைத்து வரும் சட்டைகளைப் பிரித்துப் பார்த்து, பிசிறு இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடும் அந்த இரைச்சலில் காதுச் சத்தம் அமுங்கிப்போகும் என்பதால், ஓவர்டைம் என்றால் முதலில் கையைத் தூக்குகிறவள் அவளாகிவிட்டாள். ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி, கதவைச் சாத்தித் தலையணையில் தலைவைத்தால் போதும், அது காத்திருந்த மாதிரி ஆரம்பித்துவிடும்.

கணவன் கிறிஸ்துதாஸ் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வெல்டர். கெட்டவனில்லை. முகப்பேரில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஜெயராமனிடம் அவன்தான் கூட்டிப்போனான். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள், கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் கேட்கும் திறனைச் சோதித்தார்கள். எல்லாம் நன்றாக இருந்தது. "இரைச்சல் நிறைய பேருக்கு வரும்மா, பழகிடும்" என்று டாக்டர் வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மாத்திரை தீர்ந்தது. சத்தம் தீரவில்லை.

"உனுக்கு மனசுல இன்னாவோ கொறை கீது மேரி. அதான் காதுல கேக்குது" என்றான் கிறிஸ்துதாஸ் ஒருநாள். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது. அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அப்படியே மாதங்கள் போயின. நசரத்பேட்டையில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். மணமகளை மேடைக்கு அழைத்துப் போனதும் மணமகள் அறை காலியானது. சகாயமேரியும் அவள் தங்கை ரெனிதாவும் மட்டும் உள்ளே நின்றார்கள்.

"அக்கா, இங்க லைட்டு நல்லா கீது. வா, ஒரு செல்பி" என்று ரெனிதா கதவைச் சாத்தினாள். அக்காவின் தோளில் கைபோட்டு, தலையோடு தலை ஒட்டி, போனை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடி, எடு."

"இரு. பேசாத." ரெனிதா போனைத் தாழ்த்தினாள். தன் இடது காதை அக்காவின் வலது காதோடு இன்னும் அழுத்தினாள். கண்கள் உருண்டன. "அக்கா! உன் காதுலேர்ந்து ஏதோ சத்தம் வருது. புஸ்ஸு புஸ்ஸுன்னு!"

சகாயமேரி தங்கையின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சொன்ன?"

"சத்தியமா அக்கா! இதோ... இதோ... இதோ..." ரெனிதா விரலால் காற்றில் தட்டினாள். ஒவ்வொரு தட்டும் சகாயமேரிக்குள் அடித்த ஒவ்வொரு புஸ்ஸோடும் அச்சு அசலாய்ப் பொருந்தியது.

"ரெனிதா! உனுக்குக் கேக்குதாடி? நெஜமாவே கேக்குதா?" தங்கையின் கன்னங்களைப் பிடித்து உலுக்கினாள். பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றி இரண்டு பேருக்கும் கவலையில்லை. சிரிப்பும் கூச்சலுமாக அவர்கள் போட்ட சத்தத்தில் புஷ்பா அத்தை எட்டிப் பார்த்தாள். அவளும் காதை வைத்துக் கேட்டாள். "ஆண்டவரே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மணமகள் அறை வாசலில் ஒரு கூட்டமே நின்றது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் சகாயமேரியின் காதைக் கேட்க முறைபோட்டுக்கொண்டு நின்றார்கள். இத்தனை மாதம் அவளோடு மட்டும் இருந்த ரகசியம், இப்போது ஊர்ப் பொதுவானது. அவளுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

பந்தியில் உட்கார்ந்திருந்த கிறிஸ்துதாஸை ரெனிதா எழுப்பி இழுத்துவந்தாள். பிரியாணிக் கையை ஒதுக்கிப் பிடித்தபடி, "இன்னாம்மா ஆச்சு, வுடும்மா" என்று வந்தவன், எல்லோரும் பார்க்க மனைவியின் காதில் காதை வைத்தான். முதலில் சங்கடமாய்ச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. வெகுநேரம் அவன் காதை எடுக்கவேயில்லை.

"மேரி" என்றான். "இதோடயா நீ தூங்கினு இருந்த?"

மறுநாளே முகப்பேருக்குப் போனார்கள். ஜெயராமன் இந்த முறை ஸ்டெதஸ்கோப்பை அவள் காதுக்குப் பின்னால் வைத்தார். புருவம் ஏறியது. "நாடியோட சேர்ந்து துடிக்குதே! இதை அன்னைக்கே நான் கேட்டிருக்கணும்மா. இது காதுக் கோளாறு இல்ல. பக்கத்துல ஏதோ ரத்தக்குழாய்ல இருந்து வருது. குழாய்களை மட்டும் எடுத்துக் காட்டுற எம்.ஆர். ஆஞ்சியோ ஸ்கேன் இருக்கு. அதை எடுத்துடலாம்."

அம்பத்தூர் ஸ்கேன் சென்டரில் ஸ்ரீகாந்த் என்ற டெக்னீஷியன் அவளுடைய கம்மல், தாலிச்செயின், கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னான். "பெரிய காந்தம்மா இது. ஊசி போட மாட்டோம், வலிக்காது. தலையை மட்டும் ஆட்டாம படுத்திருங்க." காதுக்குப் பஞ்சடைப்பு வைத்து, தலையைச் சுற்றிக் கூண்டு மாதிரி ஒன்றை மாட்டினான். பலகை அவளை உள்ளே கொண்டுபோனது.

மெஷின் தடதடத்தது. பிறகு சுவரில் டிரில் போடுகிற மாதிரி இரைந்தது. கம்பெனி மெஷின்களெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். காதுச் சத்தம் இருந்த இடம் தெரியவில்லை. ஆனால் ஒரு பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. படத்தில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்? மறுபடியும் வைட்டமின் மாத்திரை, மறுபடியும் மனசுல கொறை. 'மாதாவே, ஏதாவது ஒண்ணு தெரியட்டும்' என்று வேண்டிக்கொண்டாள். நோய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. தலை ஆடிவிடக்கூடாதே என்று அடக்கிக்கொண்டாள்.

முடிந்து வெளியே உட்கார்ந்திருந்தபோது ஸ்கேன் டாக்டர் மைதிலி தானே எழுந்து வந்தார். நடையில் ஒரு துள்ளல். "சகாயமேரி யாரு? உள்ள வாங்க, ரெண்டு பேரும் வாங்க!"

கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாய்க் குழாய்கள், இலையில்லாத மரம் போல. டாக்டர் விரலை வைத்தார். "இந்தப் படத்துல வேகமா ஓடுற ரத்தம்தான் வெள்ளையாத் தெரியும். அதாவது மூளைக்கு ரத்தம் கொண்டுபோற தமனிங்க. திரும்பி வர்ற சிரைங்க தெரியவே கூடாது. இப்ப உங்க வலது காதுக்குப் பின்னால பாருங்க. சிரை பளிச்சுன்னு தெரியுதா? ஒரு சின்னத் தமனி வழிமாறி நேரா அதுக்குள்ள பாயுது. பாயுற சத்தம்தான் உங்களுக்குக் கேக்குது."

சகாயமேரி திரைக்கு மிக அருகே போனாள். ஒரு நகக்கண் அளவு இடம். "இதுவா?"

"இதேதான்!"

"பாத்தியாய்யா? இதோ கீது! நான் சொன்னேன்ல, இதோ கீது!" அவள் கைதட்டியே விட்டாள். டாக்டரும் சிரித்துவிட்டார்.

கிறிஸ்துதாஸுக்குத்தான் முகம் வெளுத்தது. "ஆபத்தா டாக்டர்?"

"சும்மா விடக்கூடாது. இந்த மாதிரி இணைப்புகள்ல சிலதுல பிற்பாடு ரத்தம் கசியலாம். உங்க மனைவிக்கு அப்படி மோசமான அடையாளம் எதுவும் இதுல தெரியல. தொடை வழியா மெல்லிய குழாயை விட்டு, இந்த இடத்துக்குப் போய் அடைச்சிடுவாங்க. தலையைத் திறக்க வேண்டாம். அதுக்குன்னு இருக்கிற டாக்டர்கிட்ட சீக்கிரம் போங்க."

வெளியே ரோட்டில், பஸ்ஸும் லாரியும் இரைந்துகொண்டு போக, கிறிஸ்துதாஸ் கண்ணைத் துடைத்தான். "ஏன்யா அழுவுற? அதான் தெரிஞ்சிடுச்சே!" என்றாள் அவள். ரெனிதாவுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் ரெனிதா போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டு அந்த இடத்தை அடைத்தார்கள்.

கண் விழித்தபோது நல்ல பகல். தலைக்குள் என்னமோ குறைந்தது. சகாயமேரி அசையாமல் படுத்துக் கவனித்தாள். தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கா கத்தியது. ஒவ்வொன்றும் தனித்தனியாய், துடைத்துவைத்த மாதிரி வந்து விழுந்தது. இவற்றுக்கு நடுவில் எதுவுமே இல்லை.

கிறிஸ்துதாஸை உள்ளே விட்டார்கள். அவள் அவனைப் பக்கத்தில் வரச்சொல்லிக் கையசைத்தாள். "ஒண்ணும் கேக்கல" என்றாள் மெதுவாய்.

அவன் பதறினான். "கேக்கலையா? அய்யோ, சிஸ்டர்! சிஸ்டர்! இவளுக்குக் காது கேக்கலையாம்!"

"யோவ்! நீ கத்துறது ஆஸ்பத்திரிக்கே கேக்குது. அந்தச் சத்தம்தான்யா கேக்கல! போயிடுச்சு!" என்று சிரித்தாள். ஓடிவந்த நர்ஸ், "சிரிங்க, ஆனா குழாய் விட்ட காலை மடக்காதீங்க" என்று அதட்டிவிட்டுத் தானும் சிரித்தாள்.

கிறிஸ்துதாஸ் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"எதுனா பேசு" என்றாள் சகாயமேரி.

"இன்னா பேச?"

"எதுனா."

அவன் காலையில் கேன்டீனில் தின்ற பொங்கலைப் பற்றி ஆரம்பித்தான். உப்பே இல்லை, சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்கூட இல்லை என்று அவன் சொல்லிக்கொண்டே போக, அவள் வலது காதை அவன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டாள்.